பூச்சியத்தை எப்படிக் கூவுவது

பேசவே கூசுகிற நான் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்படியாகத் தெரிகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட இரண்டு மூன்று விடுப்புக் கடிதங்கள்தான். புத்தகம் படிக்கிறவர்கள் இதைப் பார்த்தால், இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைப்பார்கள். நினைத்தால் அது நியாயம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். தாளுக்கு முகம் இல்லையே என்றுதான் இதில் சொல்கிறேன்.

போடியிலிருந்து மலைக்கு மேலே கேரளாவில் இருக்கிற ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள் நான். பதினெட்டு வருடமாகப் போகிறேன். காலை ஆறு மணிக்கு ஜீப்பு. பதினொரு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்று ஏறுவோம். மெட்டு என்று நாங்கள் சொல்கிற மலைக்கணவாய்க்கு ஏறும்போது வளைவுகளில் எதிர்ச்சரிவு தெரியும். அங்கே ஒரு அருவி. நாங்கள் அதைப் ‘பெரிய தண்ணி’ என்போம். தூரத்திலிருந்து பார்த்தால், நின்றபடியே கோலமாவைக் கைதவறிக் கொட்டியது போல இருக்கும். அசையாது. சத்தமும் கிடையாது. மழைக் காலத்தில் தடிக்கும், கோடையில் காணாமல் போகும். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் யாரும் பக்கத்தில் போனதில்லை.

கூவுவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஏலச்செடி ஆளைவிட உயரம். காய் இருப்பதோ அடியில், தரையோடு படர்ந்த சரத்தில். உட்கார்ந்து எடுக்கிறவளை அடுத்த வரிசைக்காரிக்குத் தெரியாது. பேச்சுச் சத்தமும் இலைக்குள் பத்தடி தாண்டாது. அதனால் கூவுவோம். ஒரு கூவல் என்றால், இங்கே இருக்கிறேன். இரண்டு என்றால், பை நிறைந்துவிட்டது. மூன்று என்றால், எல்லோரும் உடனே வாருங்கள், பாம்போ காட்டுமாடோ தட்டுப்பட்டிருக்கிறது. எங்கள் கூட்டத்துக்குக் கங்காணியாக இருக்கிற அக்கா கூவினால் அடுத்த எஸ்டேட்டில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று கேலி செய்வோம். என் கூவல்தான் ஆகக் கேவலம். “ஏத்தா, கோழிக்குஞ்ச மிதிச்சுட்டியா?” என்று கேட்பார்கள். பக்கத்து வரிசையில் எடுக்கிற மதினி என் நிலைமை தெரிந்து, எனக்கும் சேர்த்து அவளே கூவிவிடுவாள். இத்தனை வருடமும் அப்படியே ஓட்டிவிட்டேன்.

என் மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு வாங்கினாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆறாவதிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டிருந்தது. அரசாங்கக் கல்லூரியில் இடமும் வந்துவிட்டது. ஆனால் தூரம். இரண்டு பஸ் மாறி, ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். இடம் வந்த பிறகு, அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணியோடு சரி. தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

முதல் நாளை அவள் அப்பா எடுத்துக்கொண்டார். அவர் காய்க்கடையில் லோடு ஏற்றுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. “பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு நம்ம இங்க எப்படித் தூங்குறது? ஒரு நா யோசிக்கணும்ல” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அவளை அனுப்ப வேண்டும் என்று எனக்கு நெஞ்சு முட்ட இருந்தது. நான் உலையில் அரிசியைப் போட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலை நான் தூக்குச்சட்டியில் சோறு அடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். “சரி, போகட்டும். அவகிட்டச் சொல்லிரு” என்றார். உள்ளேயிருந்து மகள், “எனக்குக் கேட்டுருச்சுப்பா” என்றாள். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

“நான் வேணா இன்னிக்கு லீவு போடட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கும்மா? பத்து மணிக்கு கம்ப்யூட்டர் சென்டர் திறந்ததும் போயி ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சிருச்சு. நீ போ, வெரசா. ஜீப்பு போயிரும்.”

நான் போனேன். என் போன் வழக்கம்போல இடுப்புப் பையில் இருந்தது. பட்டன் போன். ரீசார்ஜ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும், இங்கிருந்து எதுவும் போகாது. இதை மகளிடம் நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் போட்டபோது வீட்டு நம்பர் கேட்டார்கள், என் நம்பரைக் கொடுத்தோம். மகளிடம் அப்போது போன் இல்லை. இப்போது அவளிடம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் இருப்பது என் நம்பர்தான். இது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

தோட்டத்துக்குப் போய் இறங்கினால் கேட்டிலேயே சூப்பர்வைசர் கையை ஆட்டினார். “இன்னிக்குப் பணி இல்ல சேச்சி. நேத்து வைகிட்டு மருந்தடிச்சு. காய் தொடண்டா.”

நேற்றுச் சாயங்காலம் மருந்தடித்த காயைத் தொடக் கூடாதாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஜீப்புக்காரருக்கு வேறு ஓட்டம் இருந்தது. “நான் பூப்பாறைக்கு லோடு ஏத்தப் போறேன். அஞ்சு மணிக்கு இங்கன வருவேன். எவளாச்சும் கொறஞ்சா காத்துக் கிடக்க மாட்டேன், பாத்துக்கங்க” என்றார்.

“நீ வராட்டி உருண்டே போடி போயிருவோம் அண்ணே” என்றாள் கங்காணியக்கா. அவர் போன பிறகு அவள்தான், “தெனமும் ஜீப்புல இருந்து எட்டி எட்டிப் பாக்குறோம். இன்னிக்கு அது நம்மளப் பாக்கட்டும். வாங்கடி, பெரிய தண்ணிக்குப் போவோம்” என்றாள்.

“குளிக்க மாத்துத்துணி கொண்டாரலியேக்கா” என்றாள் மதினி.

“உடுத்தியிருக்கது என்ன, பட்டா? காஞ்சுரும், நட.”

எட்டரை மணிக்கு நடந்தோம். ஏலக்காடு முடிந்ததும் மேட்டின் விளிம்பு. அதற்கப்புறம் போடிப் பக்கமாக இறங்குகிற சோலைக்காடு. உள்ளே நுழைந்ததும் வெயில் போய்விட்டது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பட்டை தெரியாமல் பாசி. தொட்டால் ஈரத் துவாலையைத் தொட்டது போல இருந்தது. காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்திருந்தும் அட்டை ஏறியது. பழகியதுதான். எடுத்து எறிந்துவிட்டு இறங்கினோம். பாதை என்று ஒன்றும் இல்லை, வேரைப் பிடித்துப் பிடித்துத்தான் போக வேண்டும்.

முதலில் சத்தம் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. தரை லேசாக நடுங்கியது. பிறகு காற்று குளிர்ந்தது. மரம் விலகியதும் எல்லோரும் நின்றுவிட்டோம். பதினொரு பேரில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அதன் தலை தெரியவில்லை. மேகத்துக்குள்ளிருந்து வந்தது. தூரத்தில் அசையாமல் இருந்தது இங்கே கொத்துக் கொத்தாக இறங்கியது. ஒரு கொத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கீழே வரை கூடவே வரலாம், அவ்வளவு மெதுவாக விழுவது போல் இருந்தது. பாதியில் உடைந்து புகையாகி, அடியில் பாறையில் அறையும்போது மட்டும் வேகம் தெரிந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இருந்தது. மதினி என் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். உதட்டின் சூடுதான் தெரிந்தது, சொல் வரவில்லை. எதிரில் மலை திறந்துகிடந்தது. கீழே வயல், தென்னந்தோப்பு, வீடுகள். அதில் எது எங்கள் தெரு என்று தேடினேன்.

அருவிக்கு எதிரே ஒரு பெரிய தட்டைப் பாறை. அதில் ஏறி நின்றதும் என் இடுப்பு அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். ஒன்பது குறுஞ்செய்தி. ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கத்தில் ஒரு எண். பின்னால் இங்கிலீஷில் இரண்டு வரி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மகள் கூப்பிட்டாள்.

எடுத்தேன். “ம்மா… ம்மா…” என்பது மட்டும் ஊசி போலக் கேட்டது. மற்றதெல்லாம் தண்ணீர். மரத்தடிக்கு ஓடினேன், சத்தம் குறைந்தது, அழைப்பு அறுந்தது. டவர் இல்லை. பாறைக்கு ஓடினேன், டவர் வந்தது, காது போனது. இப்படி ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினேன். ஈரப்பாறையில் வழுக்கி முழங்காலில் தோல் பெயர்ந்தது. ஒரு தடவை நடுவில் “ஓடிபி” என்ற சொல் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த எண் இல்லாமல் அவளால் உறுதி செய்ய முடியாது. எண் என் கையில் இருக்கிறது. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. மேலே ஏற இரண்டரை மணி நேரம். ஏறினாலும் தோட்டத்தில் என் போனுக்கு டவர் கிடையாது, ஜீப்பும் கிடையாது. மற்றவர்களின் போனெல்லாம் தோட்டத்தில் மட்டும் எடுக்கிற கேரளா சிம். அந்தப் பாறையில் அவை செத்துக் கிடந்தன.

மதினியையும் கங்காணியக்காவையும் மரத்தடிக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“இம்புட்டுத்தானா? கொண்டா இங்க” என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு பாறைக்குப் போனாள். மகள் அழைத்ததும், “ஏ பாப்பா! ஆறு! ஒன்னு! ஏழு!” என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கத்திப் பார்த்தாள். பாறைக்குக் கீழே குனிந்து கத்திப் பார்த்தாள். கடைசியில் கோபம் வந்து, என்ன நினைத்தாளோ, போனில் ஒரு கூவல் போட்டாள். தோட்டத்தில் போடுகிற அதே கூவல்.

போனுக்குள்ளிருந்து பதில் கூவல் வந்தது.

மெல்லியதாக, ஆனால் அப்பட்டமாக. என் மகள் பள்ளி விடுமுறையில் எங்களோடு காய் எடுக்க வந்திருக்கிறாள். கீழே போடியில், பத்துப்பேர் உட்கார்ந்திருக்கிற சென்டரில், என் பிள்ளை கூவியிருக்கிறாள். பேச்சை விழுங்கிவிடுகிற தண்ணீரைக் கூவல் தாண்டிவிடுகிறது என்று அப்போது தெரிந்தது.

எல்லோரும் மறுபடி மரத்தடியில் கூடினோம். “நம்பர்க்கு எத்தன உண்டோ அத்தன கூவுவோம். ஒவ்வொன்னுக்கும் நடுவுல மூச்சு விடுவோம். படிச்ச பிள்ள, பிடிச்சுக்கிருவா” என்றாள் அக்கா. போன் மறுபடி அதிர்ந்தது, புது எண். மகள் திரும்ப அமுக்கியிருக்கிறாள். கடைசியாக வந்ததுதான் கணக்கு என்று மதினி சொன்னாள்.

அந்தப் புது எண்ணின் இரண்டாவது இலக்கம் பூச்சியம். நான்கு கூவினாள் அக்கா. மூச்சு விட்டாள். பூச்சியத்துக்குச் சும்மா நின்றாள். பிறகு அடுத்ததைக் கூவினாள். சும்மா நின்றது மகளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதே பட்டது. நமக்காகத் தொண்டை கிழியக் கூவுகிறவளைப் போய் எப்படித் திருத்துவது என்று பேசாமல் இருந்தேன்.

முடித்துவிட்டுக் காத்திருந்தோம். போன் அதிர்ந்தது. இன்னொரு எண். அப்படியென்றால் முதலாவது செல்லவில்லை.

“அக்கா, பூச்சியம்” என்றேன் மரத்தடியில்.

“பூச்சியத்துக்கு என்னத்தக் கூவுறது? ஒன்னும் இல்லேன்னா ஒன்னும் இல்லதான?”

இரண்டாவது எண்ணில் பூச்சியம் இல்லை. ஆனால் ஒன்பதும் எட்டுமாக இருந்தது. மூன்று பேர் சேர்ந்து கூவினார்கள். ஏழாவது கூவலில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து மற்றவளும் சிரித்தாள். எட்டா ஒன்பதா என்று எங்களுக்கே தெரியவில்லை. அக்கா இரண்டு பேர் முதுகிலும் அறைந்தாள். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிரித்தேன்.

போன் மூன்றாவது தடவை அதிர்ந்தது. மணி ஒன்றரை. இந்த எண்ணின் நடுவிலும் ஒரு பூச்சியம். அக்காவுக்குக் குரல் அடைத்து வெறும் காற்றுத்தான் வந்தது. சிரித்தவர்களும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

“பூச்சியத்துக்குப் பத்து கூவுவோம்” என்றாள் மதினி.

“பத்து கூவுனா ஒன்னும் பூச்சியமும்னு நெனச்சுட்டா?”

“அது சரி, எண்ணுக்குப் பின்னால தனியா ஒரு அஞ்சு கெடக்கே, அதையும் கூவணுமா?”

“அது இங்கிலீசு. அத விடு.”

இப்படிக் கொஞ்ச நேரம் போனது. பிறகு அக்கா என்னைப் பார்த்து, வராத குரலில், “உன் பிள்ள. நீ கூவு” என்றாள்.

பாறையில் போய் நின்றேன். அழைப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதுதான் மனதில் இருந்தது. எதிரே அவ்வளவு பெரிய தண்ணீர் யாரையும் பற்றிக் கவலைப்படாமல் கத்திக்கொண்டிருக்கிறது, நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். மதினி பின்னால் வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல என் முதுகைத் தடவினாள். அப்புறம் வந்தது. மூன்று. ஒன்று. பத்து, ஒவ்வொன்றாக. இரண்டு. இரண்டு. நான்கு. எனக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது.

கூவி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு கூவல் கேட்டது. அழைப்பு நின்றது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தோம். அதிரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். புது எண் வரவில்லை. வரவில்லை என்றால் இது செல்லுபடியாகிவிட்டது என்று அர்த்தம். மதினி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். மணி இரண்டு தாண்டியதும் போனைத் தூக்குச்சட்டிக்குள் வைத்து மூடிவிட்டு எல்லோரும் சேலையோடு தண்ணீருக்குள் போனோம். அருவிக்கு நேர் கீழே யாராலும் நிற்க முடியாது. ஓரமாகத் தெறிக்கிற தண்ணீரே கல் போல விழுந்தது. கொஞ்ச நேரம்தான். ஆனால் என் வயதில் அவ்வளவு சந்தோஷமாக நான் குளித்ததில்லை. நான் கூவினேன், அதை யாரும் கேலி செய்யவில்லை.

ஐந்து மணிக்கு ஜீப்பு வந்தது. நடந்ததைக் கேட்டு ஜீப்புக்காரர், “அப்ப இனி ஹாரனே அமுக்க வேணாம், வளைவுக்கு வளைவு இந்தத் தங்கச்சியக் கூவச் சொல்லிரலாம்” என்றார். மெட்டுக்கு வந்ததும் டவர் வந்தது. மகள் அழைத்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“அம்மா, எங்கயாச்சும் அடிபட்டுருச்சா? என்னமோ ‘ஆ’ன்னு கேட்டுச்சே.”

“அதெல்லாம் இல்ல. போட்டுட்டியா?”

“நீ கூவுனது ஆறும் சரியாக் கேட்டுச்சும்மா. பத்து சைபர்னும் புரிஞ்சுச்சு. சரியாத்தான் போட்டேன். ஆனா அது அஞ்சு நிமிசத்துக்குத்தாம்மா செல்லும். தாண்டிருச்சு, அதையும் தப்புன்னு எடுத்துக்கிருச்சு. மூணு தடவ தப்பாப் போட்டா மூடிக்கிரும். மூடிக்கிருச்சு.”

அந்த அஞ்சு எதற்கென்று இப்போது தெரிந்தது.

“நீ என்னம்மா பண்ணுவ” என்றாள். “சென்டர்ல அந்தண்ணன் வேற கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தாரு. அட்மிஷன் ஆபீசுக்குப் போன் பண்ணியும் பாத்தோம், யாரும் எடுக்கல. சரி, நீ பத்திரமா வா.”

வளைவுகளில் இறங்கும்போது அருவி எதிர்ச்சரிவில் தெரிந்தது. கோலமாவு மாதிரி, சத்தமில்லாமல். யாரும் அதைக் காட்டிப் பேசவில்லை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜீப்புக்காரர் வளைவுக்கு வளைவு ஹாரனை அமுக்கிக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில் மகள் சோறு வடித்து வைத்திருந்தாள். அவள் அப்பா சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “நான் நேத்தே சரின்னு சொல்லியிருக்கணும்” என்றார். நானும் நேற்றே வாயைத் திறந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல நினைத்தேன். மகள் தட்டை வைத்தாள், சாப்பிட்டோம்.

மறுநாளும் தோட்டத்தில் வேலை இல்லை. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ரேஷன் கடையில் எத்தனை கிலோ என்று கேட்டார்கள், விரலைக் காட்டி வாங்கி வந்தேன்.